ஞாயிற்றுக்கிழமைப் பாலும் வெள்ளிக்கிழமைப் பாலும்

செல்லூர், மதுரை
4.3.2024

மச்சான் தங்கப்பாண்டி அவர்களுக்கு,

மைத்துனன் செல்வக்குமார் எழுதுவது. இங்கே நானும் நாகஜோதியும் சுகம். அங்கே என் அக்கா தாமரைச்செல்வியின் சுகத்தையும் மருமகள் தமிழ்வாணியின் சுகத்தையும் அறிய விரும்புகிறேன். அந்த வீட்டில் இருக்கும் மூன்றாவது ஆளைப் பற்றி எனக்கு விசாரணை இல்லை.

கடிதம் வந்ததற்கு ஆச்சரியப்படாதீர்கள். குலசாமி கோயில் வாசலில் சூடத்தை அணைத்து, இனி உங்களோடு பேச மாட்டேன், உங்கள் வாசல் மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. என் நம்பரை நீங்கள் பிளாக் செய்திருப்பதும் தெரியும். நல்லதாகப் போயிற்று.

பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? நாற்பது நிமிடம் பொறுக்க முடியவில்லை. என் பெரியப்பா மகன் ராம்கியைப் பிடித்து உட்கார வைத்து, அவன் மடியில் வைத்துக் குத்திவிட்டீர்கள். நான் வந்து சேரும்போது பந்தியில் இலை போட்டாயிற்று. ஏன் பிந்தினேன் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. அக்காவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்க லேபில் காத்துக்கிடந்தேன்.

அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் டாக்டர் லூபஸ் என்றார். நோயை எதிர்க்க வேண்டிய சக்தி, உடம்பையே எதிரி என்று நினைத்துத் தாக்கும் வியாதி. வெயில் பட்டால் கூடும். வெயிலே படாததால் அக்காவுக்கு வைட்டமின் டி அடிமட்டத்தில் இருக்கிறது. அதற்காக வாரம் ஒரு பாக்கெட் பவுடரைப் பாலில் கலந்து கொடுக்கச் சொன்னார். எட்டு வாரம் கொடுத்துவிட்டு நிறுத்தி, மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும்.

கொடுக்கிறீர்களா? ஆம், இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
மடி இருந்தும் உட்கார இடம் கிடைக்காத தாய்மாமன்,
செல்வக்குமார்

*

வாடிப்பட்டி
11.3.2024

மாப்ள செல்வக்குமாருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்றாவது ஆள் சுகமாகத்தான் இருக்கிறான்.

நல்ல நேரம் பத்தரையோடு முடிந்தது. ஆசாரி அடுத்த ஊருக்குப் போக ஒற்றைக் காலில் நின்றார். பிள்ளை அழுது அழுது முகம் சிவந்துவிட்டது. பத்து தடவை உனக்குப் போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. நாற்பது நிமிடம் என்று எழுதியிருக்கிறாய். ஒரு மணி பத்து நிமிடம். நீ வந்ததும் என்ன செய்தாய்? என் சொந்தக்காரர்கள் முன்னால், என் குலசாமி வாசலில், என் சூடத்தை அணைத்துவிட்டுப் போனாய். சாமி கும்பிடக்கூட இல்லை.

மெடிக்கல் கடையில் பதினாலு வருடம் மாத்திரை எடுத்துக் கொடுத்தவன் டாக்டர் ஆகிவிட மாட்டான். டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நானும்தான் இருந்தேன். எனக்கும் காது இருக்கிறது. என் பெண்டாட்டிக்கு நான் என்ன கொடுக்கிறேன், எப்போது கொடுக்கிறேன் என்று உனக்குச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை. ஒரு வரி கேட்டாய் அல்லவா, அதுதான் அந்த வரி.

நாகஜோதியைக் கேட்டதாகச் சொல். அந்தப் பிள்ளை உன்னோடு குடித்தனம் பண்ணுவதே பெரிய காரியம்.

உன் அக்காள் புருஷன்,
தங்கப்பாண்டி

*

செல்லூர்
15.3.2024

அன்புள்ள அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? விரல் மூட்டு வீக்கம் குறைந்ததா? கன்னத்துச் சிவப்பு?

பவுடர் கொடுக்கிறீர்களா என்று மச்சானை ஒரு வரி கேட்டேன். அவர் திமிராக ஒரு பக்கம் எழுதியிருக்கிறார், அதில் ஆமாம் என்ற வார்த்தை மட்டும் இல்லை. கொடுக்கிற மனிதர் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார். ஆகவே அவர் கொடுக்கவில்லை.

அதனால் நானே ஏற்பாடு செய்துவிட்டேன். நாகஜோதி உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தானே டீச்சராக இருக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிக்கூடம் விட்டதும் வருவாள். அந்த நேரம் மச்சான் மல்லிகைத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார். அவள் கையாலேயே பாலில் கலக்கிக் கொடுத்து, நீ குடித்த பிறகுதான் கிளம்புவாள். பாக்கெட்டை வைத்துவிட்டு வராதே, அந்த வீட்டில் அது பரணுக்குத்தான் போகும் என்று சொல்லியிருக்கிறேன்.

மச்சானுக்கு இது தெரிய வேண்டாம். தெரிந்தால் நாகஜோதியையும் வாசலோடு நிறுத்திவிடுவார்.

உன் தம்பி,
செல்வக்குமார்

*

வாடிப்பட்டி
2.4.2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நலம். உன் ரத்தக்கொதிப்பு மாத்திரையை மறக்காமல் போடு.

நாகஜோதி வந்துகொண்டிருக்கிறாள். குடித்துவிடுகிறேன். பாவம், பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவோமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

உன் மச்சான் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் பூ ஏற்றிவிட்டு வந்ததும், அடுப்படிக்குப் போய் அவரே பால் காய்ச்சி, எதையோ கலக்கி ஆற்றித் தருகிறார். நான் டம்ளரைக் கீழே வைக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உன் கடிதம் வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. அதனால் இதைப் பற்றி அவரிடம் எதையும் கேட்டு எழுதாதே. நாகஜோதி வருவதை நானும் அவரிடம் சொல்லவில்லை.

தமிழ்வாணி காது புண் ஆறிவிட்டது. மாமா எப்ப வரும் என்று கேட்கிறாள்.

உன் அக்கா,
தாமரைச்செல்வி

*

செல்லூர்
3.6.2024

மச்சான் அவர்களுக்கு,

சுகம், சுகமறிய அவசியம். சம்பிரதாயத்துக்காகக் கேட்கவில்லை, அக்காவைப் பற்றிக் கேட்கிறேன்.

எட்டு வாரம் முடிந்து ஒரு மாதமாகிறது. ரத்தம் பார்த்தீர்களா? டாக்டரிடம் கேட்டேன். நீங்கள் வரவே இல்லை என்றார். நாகஜோதி அக்காவைப் பார்த்துவிட்டு வந்து அழுகிறாள். ஆள் பாதியாகிவிட்டாளாம். காலையில் வாந்தியாம். அம்புட்டு நேரமும் படுக்கையாம். அவள் எப்போது பார்த்தாள் என்று கேட்காதீர்கள், ரோட்டில் பார்த்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவை வெயிலில் பூப்பறிக்க விடுகிறீர்கள் என்றே நினைக்கிறேன். உங்களுக்கு ஆள் கூலி மிச்சம். என் அக்கா போய்ச் சேர்ந்தால் அதற்குச் சாட்சி சொல்ல நான் ஒருவன் இருப்பேன், நினைவிருக்கட்டும்.

செல்வக்குமார்

*

வாடிப்பட்டி
12.6.2024

மாப்ள,

இந்தக் கடிதத்தில் உன் சுகத்தை விசாரிக்கப் போவதில்லை.

எவனைப் பார்த்து என்ன எழுதுகிறாய்? மூன்று மாதமாக அவள் தோட்டத்துப் பக்கமே வரவில்லை. சன்னலுக்கெல்லாம் பச்சைத் துணி கட்டியிருக்கிறேன். கோயிலுக்குப் போனால்கூட நான்தான் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போகிறேன். டீக்கடையில் சோணை அண்ணன், "என்னப்பா தங்கப்பாண்டி, மகாராணி ஊர்வலமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் போகட்டும்.

உன் டாக்டரிடம் நான் வர மாட்டேன். அது உன் கடைக்கு எதிரே இருக்கிற ஆஸ்பத்திரி. நீ கல்லாவில் உட்கார்ந்து என்னை முறைப்பாய், நான் வரிசையில் நிற்க வேண்டுமா? பழைய சீட்டைக் காட்டி இங்கேயே மாத்திரை வாங்கிக்கொள்கிறோம். அவளுக்கு முடியவில்லை என்பது உன்னைவிட எனக்குத் தெரியும். வாந்தியை அள்ளுவது நான். நோய் கூடியிருக்கிறது, அதனால் நான் செய்ய வேண்டியதை முன்னைவிட இரட்டிப்பாகச் செய்கிறேன். அது என்ன என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் கடிதம் வரும் ஒவ்வொரு நாளும் அவள் இன்னும் கொஞ்சம் இளைக்கிறாள்.

தங்கப்பாண்டி

*

செல்லூர்
20.6.2024

அன்புள்ள அக்கா,

தெம்பாக இரு. உனக்கு வியாதி கூடிவிட்டது, பவுடர் பற்றவில்லை. கடைக்கு வருகிற ஒருவர் போனில் ஒரு வீடியோ காட்டினார். லூபஸ் மாதிரி வியாதிக்கெல்லாம் அடிப்படையே வைட்டமின் டி குறைவுதானாம், அளவைக் கூட்டிக் கொடுத்தால் நோய் அடங்கிவிடுமாம். பேசியவர் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். உன் டாக்டரிடம் கேட்கலாம் என்றால், நீங்கள் வராத கோபத்தில் அவர் என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இனி வாரம் இரண்டு பாக்கெட். நாகஜோதி வெள்ளிக்கிழமை ஒன்று கொடுப்பாள், திங்கட்கிழமை ஒன்று கொடுப்பாள். கூடவே கால்சியம் மாத்திரை அனுப்புகிறேன், தினம் இரண்டு போடு. மச்சான் ஞாயிற்றுக்கிழமை பாலில் எதையோ கலக்கித் தருகிறார் என்று எழுதியிருந்தாய், அது பனங்கற்கண்டாகத்தான் இருக்கும். மச்சானை நம்பியிருந்தால் நடக்காது.

உன் தம்பி,
செல்வக்குமார்

*

வாடிப்பட்டி
18.8.2024

தம்பிக்கு,

நலமா? நாங்கள் நலம். தாகம்தான் தாங்க முடியவில்லை. குடத்தில் பாதி நானே குடித்துவிடுகிறேன். மலம் கழித்து ஐந்து நாளாகிறது. நேற்று ஞாயிற்றுக்கிழமை என்று தெரியாமல் தமிழ்வாணியைக் கிளப்பிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் பார்த்தேன். இல்லை, இன்றைக்குத்தான் ஞாயிறு. நேற்று சனி.

உன் மச்சானும் இப்போது புதன், ஞாயிறு இரண்டு நாளும் பால் தருகிறார். நீயும் தருகிறாய். பால் வாசம் அடித்தாலே குமட்டுகிறது. அவரிடம் வேண்டாம் என்றால் ஏன் என்பார். உன் பேரை எடுக்க வேண்டி வரும். நாகஜோதியிடம் வேண்டாம் என்றால் நீ அவரைத் திட்டி எழுதுவாய். அதற்குக் குடித்துவிடுவதே மேல்.

உன் ரத்தக்கொதிப்பு மாத்திரையை மறக்காமல் போடு. இதை முன்பே எழுதினேனா?

அக்கா

*

செல்லூர்
25.9.2024

மச்சான் அவர்களுக்கு,

அக்கா கண் விழித்துப் பேசுகிறாள் என்று நாகஜோதி சொன்னாள். நான் ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுகொள்கிறேன். உள்ளே நீங்கள் இருக்கிறீர்கள்.

அவளை நினைவில்லாமல் தூக்கி வந்த அந்த நாள் கண்ணை விட்டுப் போகவில்லை. வராண்டாவில் நீங்கள் ஒரு தூணுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். டாக்டர் வந்து, "வைட்டமின் டி வாரத்துக்கு எத்தனை பாக்கெட் குடுத்தீங்க?" என்று கேட்டார். நீங்கள், "ரெண்டு சார்" என்றீர்கள். நானும் அதே நேரம், "ரெண்டு சார்" என்றேன். அவர் ஒரே பதிலை இரண்டு பேர் சொல்கிறோம் என்று நினைத்து எழுதிக்கொண்டார். "ரெண்டுக்கு ரத்தத்துல இம்புட்டு கால்சியம் ஏறாதே. அதுலதான் கிட்னி மூணுல ரெண்டு பங்கு வேலை செய்யல. வீட்ல இருக்கிற மருந்தெல்லாம் எடுத்துட்டு வாங்க" என்றார்.

நீங்கள் மஞ்சள் பையைக் கொட்டினீர்கள். நாகஜோதி அவள் கைப்பையைக் கொட்டினாள். ஒரே கம்பெனி, ஒரே பாக்கெட். டாக்டர் இரண்டு குவியலையும் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டு ஆளுங்கதானே? ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க மாட்டீங்களா?" என்று கேட்டார். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். நான் தூணைப் பார்த்தேன்.

ஆனாலும் சொல்கிறேன். மார்ச் மாதம் ஒரு வரி கேட்டேன். ஆமாம் என்று எழுதக் கை வரவில்லை உங்களுக்கு. என் அக்காவை உங்கள் வீம்பு படுக்க வைத்தது.

செல்வக்குமார்

*

மதுரை
1.10.2024

மாப்ள,

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ எதிரே டீக்கடையில் நிற்பது தெரிகிறது. ஆனாலும் ஸ்டாம்பு ஒட்டித்தான் போடுகிறேன்.

ஒரு வரி எழுதாதது நான்தான். ஒத்துக்கொள்கிறேன். உனக்கு மட்டும் என்ன, கை முடங்கிவிட்டதா? என் பெண்டாட்டிக்கு என் வீட்டில், என் அடுப்பில், எனக்குத் தெரியாமல் ஆறு மாதம் மருந்து கொடுத்திருக்கிறாய். என்னை ஒரு மனிதனாக மதித்திருந்தால் கேட்டிருப்பாய். அவளுக்குப் பவுடர் கொடுக்காத பாவி என்று நீயே தீர்ப்பு எழுதி, அந்தத் தீர்ப்பைப் பாலில் கலந்து ஊட்டியிருக்கிறாய்.

அந்தப் பாக்கெட்டைக் கிழித்துப் பாலில் போடும்போதெல்லாம் நான் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் போட்டேன். அதை எழுதும்போது எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

அந்த மருந்து கொழுப்பில் தங்கி, மாதக்கணக்கில் உடம்பை விட்டுப் போகாதாம். இன்னும் ஒரு சொட்டு யாரும் கொடுக்கக்கூடாதாம். டாக்டர் உனக்கும் சேர்த்துத்தான் சொன்னார்.

தங்கப்பாண்டி

*

டி. கல்லுப்பட்டி
14.10.2024

செல்வக்குமாருக்கும், தமிழ்வாணியின் அப்பாவுக்கும்,

ஒரே கடிதத்தை இரண்டு படி எழுதுகிறேன். ஒரு எழுத்துக்கூட வித்தியாசம் இருக்காது, சந்தேகம் இருந்தால் ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் சுகமாகத்தான் இருப்பீர்கள். சுகக்கேடு எனக்கு மட்டும்தானே.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக சின்னம்மா மகள் முனீஸ்வரி வீட்டுக்கு வந்துவிட்டேன். தமிழ்வாணியும் என்னோடு இருக்கிறாள். தேடி வர வேண்டாம். வந்தால் இன்னும் தூரமாகப் போவேன்.

லூபஸ் வந்தபோது டாக்டர் என்னிடம், என் உடம்புக்குச் சொந்த ஆள் யார், எதிரி யார் என்று தெரியவில்லை என்றார். உங்கள் இரண்டு பேருக்கும் அதே வியாதி. அதற்கு எந்த டாக்டரிடம் போவது?

நானும் தப்புச் செய்தேன். வாயைத் திறக்கவில்லை. நீங்கள் சண்டை போடுவதைவிட வாந்தி எடுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. இரண்டு பேரும் என் மேல் பிரியம் வைத்திருக்கிறீர்கள் என்று தெரியும். எனக்கு அந்தப் பிரியத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

இனி நான் சொல்வது நடக்க வேண்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தபால் கார்டு எழுத வேண்டும். எனக்கு என்ன கொடுத்தீர்கள், என்ன அனுப்பினீர்கள் என்று அதில் இருக்க வேண்டும். மாத்திரை, சூப்பு, திருநீறு எதுவானாலும் எழுத வேண்டும். ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று எழுதுங்கள். வந்த கார்டைப் படம் எடுத்து முனீஸ்வரி போனுக்கு அனுப்புங்கள். ஒரு வாரம் தவறினாலும் நான் திரும்பி வர மாட்டேன். பேச வேண்டாம். உங்கள் சத்தியத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

தாமரைச்செல்வி

*

வாடிப்பட்டி
21.10.2024

மாப்ளைக்கு. கொடுத்தது: ஒன்றுமில்லை. தங்கப்பாண்டி.

*

செல்லூர்
21.10.2024

மச்சானுக்கு. கொடுத்தது: ஒன்றுமில்லை. செல்வக்குமார்.

*

செல்லூர்
13.1.2025

மச்சானுக்கு. நாகஜோதி மூலமாக அரைக் கிலோ பச்சரிசி, வெல்லம் அனுப்பினேன், பொங்கலுக்கு. வேறு ஒன்றுமில்லை. உங்கள் போன வாரக் கார்டு மூன்று நாள் பிந்தி வந்தது. அதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. நேரத்தோடு போடவும். செல்வக்குமார்.

*

வாடிப்பட்டி
9.6.2025

மாப்ள செல்வக்குமாருக்கு,

கார்டில் இடம் பற்றாது, அதனால் கடிதம்.

உன் அக்காவும் பிள்ளையும் போன வாரம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். முப்பத்திரண்டு வாரத்துக் கார்டையும் முனீஸ்வரி போனில் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறாள். சிறுநீரகம் பழைய நிலைக்கு வராது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்னார். உன் கடைக்கு எதிரே வரிசையில் நின்றுதான் கேட்டுக்கொண்டேன். நீ கல்லாவில் குனிந்து எதையோ தேடுவது போல நடித்ததையும் பார்த்தேன்.

வைட்டமின் டி இறங்கி, மறுபடி குறைய ஆரம்பித்திருக்கிறதாம். இனி மாதம் ஒரே ஒரு பாக்கெட். முதல் பாக்கெட் வருகிற ஞாயிற்றுக்கிழமை. பாக்கெட் என்னிடம் இருக்கிறது, மூன்று நாளாக அதைத் தொட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

நீயும் ஒன்று கொடுத்துவிட்டாயா என்று கார்டு போட்டுக் கேட்டால், பதில் வர நாலு நாளாகும். அதனால் உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு போன் வரும். எடுத்துக் காதில் வை. நீ பேச வேண்டாம். சத்தியம் உன்னுடையது, அதை முறிக்கச் சொல்லி நான் கெஞ்ச மாட்டேன். காதுகுத்துக்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதும் இல்லை.

நீ ஒன்றும் கொடுக்கவில்லை என்றால் ஒரு தடவை இருமு. கொடுத்திருந்தால் இரண்டு தடவை இருமு. இருமல் கேட்கும்வரை நான் பாலை அடுப்பிலிருந்து இறக்க மாட்டேன்.

உன் தொண்டை நலமாக இருக்க வேண்டும்.

தங்கப்பாண்டி